நேமம் சொல்லும் பாடம்

பாஜகவின் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் கேரளத்தின் ஓ. ராஜகோபாலை ஒரு வேட்பாளராக மனதார மதிக்கிறேன்.

வாஜ்பாய் அரசில் ரயில்வே இணையமைச்சராக இருந்தவர், சொந்த மாநிலத்தில் தேர்தலுக்குத் தேர்தல் தோற்றார். 2011-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் நேமம் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் வி. சிவன்குட்டியிடம் தோற்றவர், 2016-ல் அங்கேயே அவரை 8,671 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அப்போது ராஜகோபாலுக்கு வயது 86. கேரளப் பேரவையின் 140 இடங்களில் பாஜகவுக்குக் கிடைத்த முதல் இடம் அது.

2020 டிசம்பர் 31 அன்று மத்திய அரசின் வேளாண் சட்டங்களுக்கு எதிரான தீர்மானம் கேரளப் பேரவையில் வந்தது. சட்டங்களை ஆதரித்துப் பேசிய ராஜகோபால், தீர்மானத்தை எதிர்த்து வாக்களிக்கவில்லை. அது ஒருமனதாக நிறைவேறியது. கட்சிக்குச் சங்கடம், பேரவைக்கோ பெருமை. தன் கருத்தையும் சொல்லி, அவையின் பொதுக்கருத்துக்கும் இடம்கொடுப்பதுதான் சட்டமன்றப் பண்பு.

2021-ல் நேமத்தில் பாஜக வேறொருவரை நிறுத்தியது. சிவன்குட்டி தொகுதியை மீட்டார். சின்னம் மட்டும் நேமத்தை வென்று தரவில்லை. வலதோ இடதோ, மக்களிடம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் மனிதரைத்தான் கட்சிகள் தேட வேண்டும்.