டிராஃபிக் ஸ்கூல் போனால் டிக்கெட் போகாது



போக்குவரத்து விதியை மீறியவர்களுக்கான டிராஃபிக் ஸ்கூல் வகுப்புக்குப் போனால் டிக்கெட் ரத்தாகிவிடும் என்று கலிஃபோர்னியாவில் வண்டி ஓட்டும் நம்மவர் பலர் இன்னும் நம்புகிறார்கள். 2011-இல் சட்டம் மாறியதோடு அந்தக் காலம் போயிற்று. இப்போது அபராதத்தை முழுதாகக் கட்ட வேண்டும். அதற்கு மேல் நீதிமன்றக் கட்டணம், வகுப்புக் கட்டணம் வேறு. பதிலுக்குக் கிடைப்பது ஒன்றுதான்: உரிமத்தில் ஏறும் ஒரு புள்ளி காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் படாது. பிரீமியம் ஏறாது. அதுவும் 18 மாதத்துக்கு ஒருமுறைதான். வணிக உரிமம் வைத்திருக்கும் லாரி ஓட்டுநருக்கோ குற்றப் பதிவு மறைவதே இல்லை. சாலையே பிழைப்பாக உள்ளவருக்குக் கடுமை கூடுதல், அது நியாயம்தான்.

எனக்கு உறுத்துவது ஆன்லைன் வகுப்பு. ஒரு பக்கம் பாடம் ஓட, மறுபக்கம் கிரிக்கெட் பார்க்கலாம். (பார்ப்பவர்களை எனக்குத் தெரியும்.) பிரிட்டனில் வேக விழிப்புணர்வு வகுப்பை முடித்தால் அபராதமும் இல்லை, புள்ளியும் இல்லை, ஆனால் காணொளி வழியானாலும் பயிற்றுநர் முன் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அந்த முறையே மேல்.

பணம் கட்டுமுன் தாங்கள் சேரும் டிராஃபிக் ஸ்கூல் டிஎம்வி (மோட்டார் வாகனத் துறை) அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா, நீதிமன்றம் கொடுத்த கெடு எது என்று வாசகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

– ஒரு வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா