நோயாளியின் விரிப்புக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

நீண்ட நாள் படுக்கையில் இருக்க வேண்டியவருக்கு உறவினர்கள் புதிய விரிப்பு வாங்கி வருவது நம் பகுதியில் வழக்கம். கண்ணாடித்தாள் உறையில், மடிப்புக் கலையாமல், அடர்ந்த நிறத்தில் பெரிய பூக்கள் அச்சிட்ட விரிப்பாக அது பெரும்பாலும் இருக்கும். அதை வாங்கிய அன்பில் குறையில்லை. ஆனால், பகலும் இரவும் அதன்மேலேயே கிடக்கப் போகிறவருக்கு அந்த விரிப்பு ஏற்றதன்று என்பதே என் கருத்து. அவருக்கு வேண்டியது பலமுறை துவைத்துப் பழகிய, வெளிர்நிறப் பருத்தித் துணி. அந்தத் துணியைக் கடைசியாக அலச ஒரு குடம் நல்ல தண்ணீரும் வேண்டும். இரண்டாவதாகச் சொன்னது இராமநாதபுரம் மாவட்டத்தில் எளிதில் கிடைப்பதன்று. ஆகவேதான் இதைப் பற்றித் தனியே எழுத நேர்கிறது.

படுக்கை விரிப்பை ஒரு வசதிப் பொருளாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். நலமாக இருப்பவருக்கு அது உண்மைதான். அவர் தூக்கத்திலேயே பலமுறை புரண்டு படுப்பார். துணி உறுத்தினால் அறியாமலே நகர்ந்துகொள்வார். பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவருக்கும், முதுகெலும்பு முறிந்தவருக்கும், பல ஆண்டு நீரிழிவால் உணர்ச்சி மங்கியவருக்கும், இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் அசைய முடியாத முதியவருக்கும் அது இயலாது. முதுகின் அடியில் விரிப்பு சுருண்டு கயிறுபோலக் கிடந்தாலும் சிலரால் உணர முடியாது; உணர்ந்தாலும் சிலரால் சொல்ல முடியாது. படுக்கைப்புண் தோன்றுவதற்கு எலும்பு மேடுகளின்மேல் நீடிக்கும் அழுத்தமே முதற் காரணம். அதற்குத் துணை நிற்பவை உராய்வும், தோல் இழுபடுதலும், ஈரமும். இந்தத் துணைக் காரணங்கள் மூன்றிலும் விரிப்புக்குப் பங்குண்டு. விரிப்பைக் கவனிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்வதில் மிகை ஏதுமில்லை.

செவிலியத் துறைக்கு அடித்தளமிட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியக் குறிப்புகள் நூலில் படுக்கைக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். நோயாளியின் உடலிலிருந்து வெளியேறும் ஈரம் விரிப்பில் தங்குவதையும், அந்த ஈரத்திலேயே அவர் மீண்டும் கிடத்தப்படுவதையும் அவர் கடிந்து எழுதினார். அவர் எழுதியது குளிர் நாட்டு மக்களுக்கு. வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்த நம் கரையோரத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

துணியைத் தேர்வதில் நம் வீடுகளில் ஏற்கனவே ஓர் அறிவு இருக்கிறது. பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்த எந்தப் பாட்டியும் உடன்பட மாட்டார். நைந்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டியையோ நூற்சேலையையோ தேடி எடுத்து வந்துதான் விரிப்பார். தூளி கட்டுவதும் அத்தகைய சேலையில்தான். குழந்தையின் தோலுக்கு நாம் காட்டும் இந்தக் கரிசனத்தை எண்பது வயது முதியவரின் தோலுக்குக் காட்ட மறந்துவிடுகிறோம். முதுமையில் தோல் மெலிந்து, வறண்டு, சிறு உராய்விலும் உரிந்துவிடும் நிலைக்கு வந்துவிடுகிறது. பழைய துணியை விரித்தால் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தை ஒதுக்கிவைத்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும்.

பழையது என்பதற்காகக் கந்தலைப் பயன்படுத்தச் சொல்லவில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டையோ ஒட்டுப்போட்ட தையலோ உடலின் அடியில் வரக்கூடாது. சரிகை, பூத்தையல், ரப்பர்போல் தடித்த அச்சு ஆகியவை உள்ளதை ஒதுக்கிவிடுங்கள். வேட்டியின் கரை மெத்தையின் ஓரமாக அமையட்டும். எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துத் தோள்முதல் தொடைவரை குறுக்கே விரித்துவைத்தால், அதன் இருபுறத்தையும் இருவர் பிடித்து நோயாளியைத் தூக்கி நகர்த்தலாம். விரிப்பின்மேல் அவரை இழுப்பதால் தோல் உரிவது இதனால் தவிரும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால் முழுப் பருத்தியையே கேளுங்கள். சென்னிமலைக் கைத்தறி விரிப்புகளுக்கும் கரூர் விரிப்புகளுக்கும் தமிழ்நாடெங்கும் பெயருண்டு. கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் கைத்தறி விரிப்புகள் கிடைக்கின்றன. நூல் எண்ணிக்கை மிக அதிகம் என்று விளம்பரப்படுத்தப்படும் விலையுயர்ந்த விரிப்பு தேவையில்லை. முறுக்கிய இழைகளைத் தனித்தனியே எண்ணி அந்த எண்ணைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. நெசவு நெருக்கமானால் காற்றோட்டமும் குறையும். பாலியெஸ்டர் கலந்தது சீக்கிரம் உலரும், சுருக்கம் விழாது என்பது உண்மையே. ஆயினும் அது வியர்வையைப் பருத்தி அளவுக்கு உறிஞ்சாது. வெப்பத்தில் கிடப்பவருக்கு அது பெரும் குறை.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கறை தெரியாது என்பதற்காகவே அடர்ந்த நிறத்தைத் தேர்கிறோம். நோயாளியின் படுக்கையில் கறை தெரியத்தான் வேண்டும். புண்ணிலிருந்து கசியும் நீர், சிறுநீரில் கலந்த இரத்தம், கட்டின் விளிம்பில் தோன்றும் சீழ் ஆகியவற்றை வெள்ளைத் துணி முதலில் காட்டிக்கொடுக்கும். அதைக் கண்டவுடன் செவிலியரிடம் சொல்லலாம். கருநீல விரிப்பில் அது ஒருநாள் தாமதமாகத் தெரியக்கூடும்.

இனி மென்மையாக்கும் வழிக்கு வருவோம். தறியில் ஏற்றும் பாவு நூல் அறாதிருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுவார்கள். பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் நெசவாளர் குடும்பங்களைக் கேட்டால் இதை விளக்குவார்கள். புதுத் துணியின் விறைப்புக்கு இந்தக் கஞ்சியும் ஒரு காரணம். ஆகவே புது விரிப்பை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பயன்படுத்துமுன் இரண்டு மூன்று முறையேனும் துவைத்து உலர்த்த வேண்டும். துவைத்த பிறகு வழக்கம்போல் கஞ்சி போடுவதை நோயாளியின் துணிக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் நம் மாவட்டத்தில் விரிப்பு முரடாகவே இருப்பதுண்டு. காரணம் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. மாற்று நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் வாயில் வைக்கவே முடியாத உவர்ப்புடையது. அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத பிசுக்காக மாறி இழைகளுக்குள் படிகின்றன. வெள்ளைத் துணி பழுப்பேறுவதும், உலர்ந்தபின் அட்டைபோல் நிற்பதும் இதனால்தான்.

உப்பு செய்யும் தீங்கு வேறு. உவர்நீரில் அலசி உலர்த்திய துணியில் உப்பு நுண்துகளாக எஞ்சிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடி நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கடற்கரை இரவுகளின் ஈரப்பதம் இந்த அளவை எளிதில் தாண்டும். வெயிலில் காய்ந்து மொடமொடத்த விரிப்பு நள்ளிரவில் பிசுபிசுப்பது இதனால்தான். பகலில் முரடு, இரவில் ஈரம்: படுக்கைப்புண்ணுக்குத் துணைபோகும் இரண்டையும் ஒரே தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கிறது.

அதனால்தான் ஒரு குடம் நல்ல தண்ணீர் கேட்கிறேன். இதற்கு எழக்கூடிய மறுப்பை நான் அறிவேன். தண்ணீரில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டம் இது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு நடக்கும் பெண்களை இன்றும் காண்கிறோம். லாரித் தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்கும் வீடுகளும் உண்டு. குடிக்கவே போதாத தண்ணீரைத் துணிக்கு ஊற்றுவது அடுக்குமா என்று கேட்பது நியாயமே. நான் கேட்பது வீட்டுத் துணி முழுவதற்குமன்று. நாள் முழுதும் படுத்திருப்பவரின் தோலைத் தொடும் ஒரு விரிப்புக்கும் ஒரு தலையணை உறைக்கும் மட்டுமே, அதுவும் கடைசி அலசலுக்கு மட்டுமே. படுக்கைப்புண் வந்துவிட்டால் அதைக் கழுவவும், கட்டவும், அடிக்கடி துணி மாற்றவும் ஆகும் தண்ணீரும் உழைப்பும் இதைவிடப் பன்மடங்கு.

அந்த ஒரு குடத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்தலாம். வழக்கமான தண்ணீரில் துவைத்து அலசிய விரிப்பை முதலில் நன்றாகப் பிழிந்துவிடுங்கள். பிழிந்தபின் அதில் ஒரு லிட்டர் உவர்நீர் எஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரே தடவையாக அலசினால் உப்பு 13-இல் ஒரு பங்காகக் குறையும். அதே தண்ணீரை ஆறு ஆறு லிட்டராகப் பிரித்து, இடையில் ஒருமுறை பிழிந்து, இரண்டு தடவை அலசினால் 49-இல் ஒரு பங்காகக் குறையும். அலசிய தண்ணீரை அடுத்த துணியின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைநீரைப் பீப்பாயில் பிடித்துவைத்தால் அதைவிட மென்மையான தண்ணீர் வேறில்லை. கொசு முட்டையிடாதபடி பீப்பாயின் வாயைத் துணியால் இறுகக் கட்டிவைக்க வேண்டும்.

நல்ல தண்ணீர் கிடைக்கவே கிடைக்காத நாளில், வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்த பிறகு சோப்புத்தூளைப் போடுங்கள். கடினத்தன்மை குறையும், உவர்ப்பு குறையாது. ஏற்கனவே பிசுக்கேறிய பழைய விரிப்பென்றால், அலசும் வாளித் தண்ணீரில் அரைக் குவளை வெள்ளை வினிகர் கலந்து சிறிது நேரம் ஊறவிட்டு மீண்டும் அலசலாம். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் வினிகரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சைத் திணறடிக்கும் குளோரின் வாயு எழும்.

கடைகளில் விற்கும் துணி மென்மையாக்கி நீர்மத்தை நோயாளியின் விரிப்புக்குத் தவிர்ப்பதே நல்லது என்று கருதுகிறேன். அது இழைகளின்மேல் மெல்லிய வழுக்குப் பூச்சாகப் படிவதால் கைக்கு மென்மை தெரிகிறது; அதே பூச்சு துணியின் உறிஞ்சும் திறனைக் குறைக்கிறது. அதிலுள்ள வாசனைப்பொருள் சிலரது தோலை அரிக்கச் செய்யும். உலர்ந்த விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்ததும் நன்றாக உதறி, இரு கைகளாலும் கசக்கி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் செலவில்லாமல் அந்த மென்மை கிடைத்துவிடும்.

விரிப்பதிலும் கவனம் வேண்டும். காற்று மெத்தையின்மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு, அதுவும் தளர்வாக இருந்தால் போதும். இறுக்கிக் கட்டினாலோ போர்வைகளை அடுக்கினாலோ அந்த மெத்தையால் பயனில்லை. ரப்பர் ஷீட் தோலைத் தொடவே கூடாது. அதன்மேல் பருத்தித் துணி இருந்தாக வேண்டும். சாதாரண மெத்தையில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் விரிப்பைக் கையால் தடவிப் பாருங்கள். ரொட்டித் துகள், மாத்திரை உறை, சுருக்கம் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். நனைந்தால் உடனே மாற்றுங்கள். இரத்தக் கறையை முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சுடுநீர் கறையை நிலைக்கச் செய்யும். தொற்றுநோய் உள்ளவரின் துணியைத் தனியே சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

மருத்துவமனைகளுக்கும் இதில் கடமை உண்டு. வார்டு விரிப்புகளின் கடைசி அலசலுக்கேனும் உவர்ப்பில்லாத தண்ணீர் ஒதுக்கப்பட வேண்டும். மென்னீராக்கும் கருவி கால்சியத்தை நீக்குமே தவிர உப்பை நீக்காது; நம் கரையோரத்துக்கு உவர்நீரை நன்னீராக்கும் ஏற்பாடே தேவை. அது வரும்வரை, நெடுநாள் நோயாளிகளுக்கு வீட்டிலிருந்து தூய்மையான பழைய விரிப்பைக் கொண்டுவரும் குடும்பங்களை வார்டுகள் தடுக்காதிருக்க வேண்டும். காயத்தையும் தொற்றையும் பொறுத்து எது கூடும், எது கூடாது என்பதைச் செவிலியர் சொல்லட்டும்.

வீட்டாரிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். விரிப்பைத் துவைப்பதும், தண்ணீர் சுமப்பதும், இரவில் எழுந்து துணி மாற்றுவதும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகின்றன. பழம் வாங்கி வரும் உறவினர் அந்த நாளில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாலும், ஒரு விரிப்பை எடுத்துப்போய்த் துவைத்துத் தந்தாலும், அது நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஒருங்கே செய்யும் உதவியாகும்.