சாக்ஸபோன் ஊதியவர் பெயர் என்ன?

பழைய பாட்டு நிகழ்ச்சி எதைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பாடியவர் பெயர் வரும், இசையமைத்தவர் பெயர் வரும், எழுதியவர் பெயர் வரும், வாயசைத்த நடிகர் படம் வரும். உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் பெயர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக வரும். நடுவில் சாக்ஸபோன் ஊதி அரை நிமிஷம் நம்மைக் கட்டிப்போட்டாரே, அந்த மனுஷன் பெயர் மட்டும் வராது.

அந்த வாத்தியத்தின் பெயரே அதைச் செய்த ஆளின் பெயர் என்பதுதான் வேடிக்கை. பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு ‘சாக்ஸோ’ என்றுதான் வாயில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் ஜாஸ் கேட்டிருக்கிறீர்களா? தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் கலந்தது. பின்னால் ஆர்கன் முனக, முன்னால் சாக்ஸபோன் பேசும். 1967-இல் லூ டொனால்ட்சன் ‘அலிகேட்டர் பூகலூ’ என்று ஒரு இசைத்தட்டுப் போட்டார், ப்ளூ நோட் கம்பெனிக்கு. வாசித்தவர்கள் எல்லோருடைய பெயரும் நமக்குத் தெரியும்: ஆர்கன் லானி ஸ்மித், கிடார் ஜார்ஜ் பென்சன், கார்னெட் மெல்வின் லாஸ்டி, டிரம்ஸ் லியோ மோரிஸ். பென்சன் பின்னாளில் பாடகராக உலகப் புகழ் பெற்றார். மோரிஸ் இத்ரிஸ் முகம்மது என்று பெயர் மாற்றிக்கொண்டார். பெயரை எழுதி வைத்ததால்தான் அவர்களை இன்றைக்கும் தடம் பிடித்துப் போக முடிகிறது.

அங்கேயும் எல்லோரும் யோக்கியர்கள் இல்லை. டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி தன் வாத்தியக்காரர்களை வருஷக்கணக்கில் இருட்டிலேயே வைத்திருந்தது. 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோதுதான் அட்டையில் அவர்கள் பெயர் ஏறியது. அந்தப் பாட்டைத் தொடங்கிவைக்கும் சாக்ஸபோன் எலி ஃபோன்டெய்ன் வாசித்தது.

நம் கதைக்கு வருவோம். 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே ஒரு பாட்டில் காட்டினார்கள். விஸ்வநாதன் கையசைக்கிறார், டி.எம்.எஸ். பாடுகிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். அத்தனை முகமும் தெரிகிறது. அவர்களில் இரண்டு பேர் பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம்! தமிழ்நாட்டிலும் பிய்த்துக்கொண்டு ஓடிய ‘ஆராதனா’வில் கணப்பு எரியும் அந்த இரவுப் பாட்டு நினைவிருக்கும். அதன் சாக்ஸபோன் மனோகரி சிங். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கத்ரி கோபால்நாத் இருந்தாரே என்பீர்கள். நாகஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கர்நாடக சங்கீதத்தையே அதில் கொண்டுவந்தார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோடு வாசித்தார். 2004-இல் பத்மஸ்ரீ. 1994-இல் ‘டூயட்’ படத்துக்கு வாசித்ததால் வீட்டுக்கு வீடு தெரிந்தார். ஆனால் அவர் கச்சேரி மேடையில் ஏற்கெனவே பெயர் வாங்கிக்கொண்டு சினிமாவுக்குள் வந்தவர். ஸ்டூடியோவே கதி என்று கிடந்தவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

“சம்பளம் வாங்கிக்கொண்டார்கள், அப்புறம் என்ன?” என்று ஒரு நண்பர் கேட்டார். திருப்பூர்க்காரருக்கு இந்த நியாயம் பழக்கம்தான். ஓவர்லாக் அடித்தவர், பிசிர் வெட்டிய அக்கா, செக்கிங் பார்த்த பெண், ஒருவர் பெயரும் பனியனில் இருக்காது. கழுத்துப்பட்டையில் எவனோ வெளிநாட்டுக்காரன் பெயர். பனியனுக்கே இது நியாயமா என்பது வேறு வழக்கு. ஆனால் பனியனை ஒரே அளவில் பத்தாயிரம் தைக்கலாம். அந்த ஊதலை இன்னொருவர் ஊதினால் அது வேறு ஊதல். நோட்ஸ் கொடுத்தவர் இசையமைப்பாளர், சரி. மூச்சு யாருடையது?

அரசு அலுவலகத்தில் குண்டூசி டப்பா வாங்கிய கோப்பில்கூட எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்பமிட்டவர் எல்லோரும் இருப்பார்கள். வாழ்நாள் முழுக்க அந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன், பெயர் எழுத அரை வரி இடம் போதும். ரஹ்மான் கேசட் அட்டையில் வாத்தியக்காரர்கள் பெயரை அச்சிட ஆரம்பித்தார், எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை.

அந்தக் காலத்து வாசிப்பாளர்களில் மிச்சம் இருப்பவர்களுக்கு நம் வயசு, அல்லது அதற்கும் மேல். சென்னையில் அவர்களுக்கு யூனியனே இருக்கிறது. பழைய பாட்டை வைத்துக் காசு பண்ணுகிறவர்கள் இவர்களை உட்காரவைத்து, பாட்டைப் போட்டு, “இது யார் ஐயா?” என்று கேட்டால் போதும், பாதிப் பட்டியல் தேறிவிடும். இதற்கு என்ன பெரிய செலவு?

கல்யாண மண்டபக் கச்சேரிகளில் இப்போது கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் சாக்ஸபோன் வருகிறது. ஊதுகிறவர் வராமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. பெயர் தெரியாத ஆளை எப்படித் தேடுவது? அடுத்த முகூர்த்தத்தில் எங்காவது நிஜமாகவே ஒருவர் சாக்ஸபோனோடு உட்கார்ந்திருந்தால், மைக் பிடிப்பவரிடம் போய் அவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்வரை மொய்க் கவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.