மதிலுக்குள் ஒரு குளம்

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகக் குன்றத்தூர் செல்லும் சாலையில் வீடு விற்போர் நாட்டும் பலகைகள் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன. ‘சுவிம்மிங் பூல்’ உண்டு என்பது அவர்தம் பெருமைகளுள் ஒன்று. நீந்து என்னும் வினையடியாக நீச்சு, நீச்சல் எனச் சொற்கண்ட மொழிக்கு, குளம், கேணி, பொய்கை, இலஞ்சி, ஊருணி, கயம் என நீர்நிலை ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் ஈந்த மொழிக்கு, இவ்விரவற்சொல் எற்றுக்கு? வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகள் 1911 முதல் வாழ்ந்து, 1916-இல் தனித்தமிழுக்கு வித்திட்ட பல்லாவரம் பம்மலுக்கு அடுத்த ஊர். அவ்வூரின் வாயிலிலேயே இக்கேடு! சொல் வழக்கு ஒருபுறம் நிற்க. பொருள் வழக்கைப் பார்ப்போர்க்கும் இக்குளம் கட்டுபடியாவதன்று.

8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உடைய குளம் 48,000 இலிட்டர் கொள்ளும். 12,000 இலிட்டர்ச் சரக்குந்து நான்கு வந்து கொட்டவேண்டும். நகரத்தார் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 இலிட்டர் என்பது நடுவணரசு வகுத்த அளவு. ஆக, ஒருவர் 355 நாள் குடித்து, குளித்து, சமைத்து, துவைக்கும் நீர் அக்குழியில் கிடக்கின்றது. கிடப்பதும் கிடக்குமோ? கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகுமெனக் கொண்டாலும், அப்பரப்பிலிருந்து 160 இலிட்டர் போய்விடும். வானம் நாள்தோறும் குடிப்பது ஒருவர் பங்கினும் மிகுதி!

இனி, பேணும் பாடு. ஒரு குதிரையாற்றல் எக்கி நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் திங்களுக்கு 180 அலகு மின்னாற்றல். மணல் வடிகட்டியைக் கழுவுவதற்கும் அக்குளத்து நீரே செலவாகும். குளோரினை இட இட வெயில் அழிக்கும். இடாது விட்டால் நான்கே நாளில் பாசி. ஊருக்குப் போய்வந்த வீட்டுக்காரர் காண்பது பச்சைக் குட்டையும் கொசுவும். முதற்கோடையில் பிள்ளைகள் குதிப்பர். மூன்றாங்கோடையில் அவர்க்குத் தேர்வு வந்துவிடும். குளம் இருக்கும், செலவும் இருக்கும், நீந்துவார் இரார்.

நிலத்தடி நீரை எடுத்து நிரப்பலாமே எனின், பம்மலில் அதுவும் எளிதன்று. கேணி என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய நாகல்கேணியும், குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையாற் பெயர்பெற்ற குரோம்பேட்டையும் பக்கத்தில் உள்ளன. தோல் ஆலைகளின் கழிவு பன்னெடுங்காலம் மண்ணில் இறங்கி நீரை உப்பாக்கிற்று. அந்நீர் ஓடுகளில் வெண்படலமாய்ப் படியும். எனவே சரக்குந்தே கதி. அது கொணரும் நீரோ புறத்தே உள்ள சிற்றூர்களின் வயற்கிணற்று நீர். உழவன் கிணறு வற்ற, ஒருவர் மதிலுக்குள் அலை எழுகின்றது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் சென்னைக்கு நீர் வந்ததை இத்தனை விரைவில் மறக்கலாமோ?

தமிழர் குளம் பேணத் தெரியாதவரல்லர். பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தார் 360 நாள் பணி செய்ததைச் சொல்லும். மதகு, மடை, தூம்பு, கலிங்கு என உறுப்புதோறும் பெயருண்டு. தூர் வாரும் கடமையும் உண்டு. அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர், அவ்வவையில் பிறர்க்கு இடமில்லை என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. பொதுக்குளம் எனப்பட்டவை எல்லார்க்கும் பொதுவாய் இருந்தனவல்ல. மராட்டிய நாட்டு மகாடில் 1927-இல் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிப் பருகவே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. அத்தனை இடர்ப்பட்டுத் திறந்த நீரை, இன்று பணம் மீண்டும் மதில் வைத்து அடைக்கின்றது.

நீந்தக் கற்பது வேண்டாமா எனின், கட்டாயம் வேண்டும். ஆற்றிலும் கல்லுடைத்த குழியிலும் இளைஞர் மூழ்கி மாயும் நாட்டில் அது கல்வியே. ஆனால் அக்கல்விக்கு வீட்டுக்கொரு குளம் வேண்டுவதில்லை. 1995-இல் தெற்காசிய விளையாட்டுகளுக்கெனக் கட்டிய வேளச்சேரி நீச்சற்குளம் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பயன்பட்டுள்ளது. அதே எக்கி, அதே குளோரின். ஆயினும் செலவு பலர் தலையில் பகிர்ந்து விழுவதால் கடுகாகிவிடுகின்றது. பம்மலிலேயே சூரியம்மன் கோயில் குளத்தை ஊரார் தாமே பொருள் திரட்டிச் சீர்செய்தனர். அது நிறைந்தால் சுற்றுப்புறக் கிணறுகளும் ஊறும். சிமிட்டியும் ஓடும் பதித்த நீச்சற்குளத்திலிருந்து ஒரு சொட்டேனும் மண்ணுக்குள் இறங்குமோ?

2021-இல் பம்மல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. தனிக்குளம் வைப்போர்க்கு நீரளவி பொருத்தி, அளவு மீறிய நீருக்கு அம்மாநகராட்சி வரி தண்டுக. அவ்வரியைக் கொண்டு பம்மலில் ஒரு பொது நீச்சற்குளம் கட்டுக. அதன் வாயிற்பலகையில் ‘நீச்சற்குளம்’ என்று தமிழிலேயே எழுதுக.