நம்ம ஆளா, நல்ல ஆளா?

தேர்தல் வந்துவிட்டால் மும்பையில் தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "உங்க சாமியார் யாருக்கு ஓட்டுப் போடச் சொன்னார்?" கத்தோலிக்கர் என்றால் கோயிலில் சொல்லும் பக்கம் சாய்பவர் என்ற எண்ணம்! குருக்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதைத் திருச்சபைச் சட்டமே பொதுவாகத் தடுக்கிறது. மனசாட்சி, மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் திருவிடம் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. அங்கே எனக்காக வேறொருவர் முடிவெடுக்க முடியாது.

அதற்காக மனம்போன போக்கே மனசாட்சி ஆகிவிடாது. ஏழைக்கு நீதி, உயிருக்கு மதிப்பு, பேச்சில் உண்மை ஆகியவற்றைக் கொண்டு அதைப் பழக்க வேண்டும்.

ஒருமுறை மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நின்றவர் கத்தோலிக்கர், தமிழரும்கூட. குடிசைவாசிகளிடம் குழாய் இணைப்புக்குப் பணம் வாங்கியவர் என்பது ஊரறிந்த விஷயம். அதே குழாய்க்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த மராத்திப் பெண்மணிக்கே நான் வாக்களித்தேன். "சொந்த சபைக்கே துரோகம் பண்ணிட்டீங்களே, அத்தான்" என்று என் மைத்துனர் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் வருத்தம்தான், ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய குற்றமாக அது தோன்றவில்லை.

மதம், சாதி, மொழியின் பெயரால் வாக்குக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வாக்காளரின் மதத்தையோ மொழியையோ சொல்லிக் கேட்டாலும் முறைகேடே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழியும் அதில் அடக்கம் என்பதைத் தமிழர்களாகிய நாம் மறக்கலாகாது.

"நம்ம ஆளா?" என்று கேட்குமுன் "நல்ல ஆளா?" என்று கேட்போமே!