மரியாளைக் கனம்பண்ணுவோம், மன்றாடுவதோ குமாரனிடத்தில்

தியானப் பகுதி: லூக்கா 1:26-56, யோவான் 2:1-11, அப்போஸ்தலர் 1:12-14



ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறினால் நம் மலையிலும் அதன் அசைவு தெரிகிறது. காவி உடுத்தியவர்கள் பையும் ஜெபமாலையுமாக ஏற்காட்டில் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போய், அங்கிருந்து கடற்கரைக்குப் பயணமாகிறார்கள். செப்டம்பர் 8 திருநாளுக்குப் போகிறவர்களில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் உண்டு. நம் சபையாரும் உண்டு என்பதை நான் அறிவேன். ஆகவே இவ்வாரம் இக்காரியத்தைக் குறித்து மௌனமாயிருப்பது மேய்ப்பனுக்கு அழகல்ல.

எழுதத் தூண்டியது செம்மநத்தத்திலுள்ள நம் சபைக் குடும்பம் ஒன்றின் மகள். அவளுக்குக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் தயங்கி நின்று கேட்டாள்: "ஐயா, அவங்க வீட்டுல தினமும் ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவாங்களாம். நானும் சேர்ந்து சொன்னா அது பாவமா? சொல்லாம இருந்தா அத்தை மனசு நோகுமே."

ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. அவளுடைய சம்மதத்தோடு அதற்கான பதிலை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலாவது, நம்முடைய குற்றம்

பிறர் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்குமுன் நம் கண்ணிலுள்ள உத்திரத்தைப் பார்ப்போம். எல்லாச் சந்ததிகளும் தன்னைப் பாக்கியவதி என்று சொல்லும் என்று மரியாள் பாடினார் (லூக்கா 1:48). நாம் சொல்லுகிறோமா? கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீலத் துப்பட்டி போர்த்திய ஒரு சிறுமியை நிறுத்துகிறோம். ஜனவரியில் அவரை மறந்துவிடுகிறோம். கத்தோலிக்கர் மிகுதியாய்ச் சொல்லுகிறார்கள் என்பதற்காக நாம் ஒன்றுமே சொல்லாமல் விட்டது வேதத்துக்குக் கீழ்ப்படிதல் அல்ல.

எலிசபெத்து பரிசுத்த ஆவியினால் நிறைந்து, மரியாளைத் தன் ஆண்டவருடைய தாய் என்று அழைத்தாள் (லூக்கா 1:41-43). கி.பி. 431இல் எபேசுவில் கூடிய சங்கம் அவரைத் தேவதாய் என்று அழைத்தபோது, அவர் வயிற்றில் பிறந்தவர் மெய்யான தேவன் என்பதையே காத்துக்கொண்டது. அந்தச் சத்தியத்தில் நமக்கு மறுப்பில்லை.

மேலும், நம்மில் சிலர் கத்தோலிக்கரை எடுத்த எடுப்பில் விக்கிரக ஆராதனைக்காரர் என்று ஏசிவிடுகிறோம். தேவனுக்குரிய ஆராதனை வேறு, மரியாளுக்குச் செலுத்தும் வணக்கம் வேறு என்றே அவர்களுடைய திருச்சபை போதிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் மரியாளுக்கு அப்பம் படைத்த ஒரு கூட்டத்தாரைக் கண்டித்தவர் எப்பிபானியு என்னும் ஆயர்; அவரை அவர்களும் பரிசுத்தவான் என்றே மதிக்கிறார்கள். ஆகவே அவர்கள் போதிக்காததை அவர்கள்மேல் சுமத்தி வெல்லுவது வெற்றியல்ல; பொய்ச்சாட்சி. அவர்கள் போதிப்பதை எடுத்துக்கொண்டு, வேதத்தின் அருகே வைத்துப் பார்ப்போம்.

இது தமிழ் மண்ணுக்குப் புதிய வழக்கும் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்தவர்களும் வேதத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், அந்த லுத்தரன் போதகர்களை மறுத்து 'வேதவிளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' என்னும் நூல்களை எழுதினார். ஏறக்குறைய 300 ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கில் நாம் நிதானமாகப் பேசக் கற்றிருக்க வேண்டும்.

கிருபை நிறைந்தவரா, கிருபை பெற்றவரா?

1854 டிசம்பர் 8 அன்று ஒன்பதாம் பத்திநாதர் என்னும் போப்பு, மரியாள் கருவில் உருவான கணத்திலிருந்தே ஜென்ம பாவத்தின் கறை படாதவர் என்று அறிவித்து, அதைக் கத்தோலிக்கர் யாவரும் விசுவசிக்க வேண்டிய கோட்பாடாக்கினார். அதற்கு ஆதாரமாகக் காபிரியேல் தூதனின் வாழ்த்தைக் காட்டுகிறார்கள். "அருள் நிறைந்தவள்" என்பது இலத்தீன் மொழிபெயர்ப்பைப் பின்பற்றிய சொல். லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் "கெகாரிடோமெனே". அதன் நேர்ப்பொருள் கிருபை அருளப்பட்டவள் என்பதே. அதே வினைச்சொல்லைப் பவுல் எபேசியர் 1:6இல் நம் எல்லாரையும் குறித்துப் பயன்படுத்துகிறார். அந்தச் சொல் ஒருவரைப் பிறவியிலேயே பாவமற்றவராக்குமானால், எபேசு சபையார் அனைவரும் பாவமற்றவர்களே! கிருபை நிறைந்தவர் என்று கிரேக்கத்தில் நேராகவே சொல்லப்பட்டவர் யோவான் 1:14இல் நம் ஆண்டவர்.

தம் பாட்டில் மரியாள் தேவனைத் தம்முடைய இரட்சகர் என்கிறார் (லூக்கா 1:47). சேற்றில் விழுந்தபின் தூக்கிவிடுவது ஒருவகை இரட்சிப்பு, விழாமலே தடுத்துக்கொள்வது மற்றொருவகை. மரியாளுக்குக் கிடைத்தது இரண்டாவது என்று கத்தோலிக்க அறிஞர் பதில் சொல்லுவார்கள். அழகான விளக்கந்தான். ஆனால் அது எந்த வசனத்தில் இருக்கிறது? பன்னிரண்டாம் நூற்றாண்டில், மரியாள்மேல் மிகுந்த பக்திகொண்ட பெர்னார்டு, இந்தக் கருத்தைக் கொண்டாடும் திருநாளையே எதிர்த்துக் கடிதம் எழுதினார். தாமஸ் அக்குவினாஸ், மரியாள் தாயின் வயிற்றில் பரிசுத்தமாக்கப்பட்டார் என்று போதித்தாரேயன்றி, ஜென்ம பாவமே தீண்டவில்லை என்று போதிக்கவில்லை. அவர்களுடைய மாபெரும் வேதபண்டிதர்களே ஏற்றுக்கொள்ளாத ஒன்றை, அதன்பின் பிறந்த ஒரு விசுவாசி ஏற்காவிட்டால் விசுவாசத்தில் கப்பற்சேதம் அடைந்தான் என்பது எப்படி நியாயமாகும்?

சகோதரர்களைக் குறித்து

மாற்கு 6:3 யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நால்வரைச் சொல்லி, சகோதரிகளையும் குறிப்பிடுகிறது. அவர்கள் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளாயிருக்கலாம் என்று கத்தோலிக்கர் சொல்லும்போது தமிழராகிய நமக்கு அது விளங்காமலில்லை. நாமும் பெரியப்பா மகனை அண்ணன் என்றுதான் அழைக்கிறோம். ஆனால் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் அந்த உறவுக்குத் தனிச் சொல் இருந்தது. பர்னபாவுக்கு மாற்கு என்ன முறை என்று கொலோசெயர் 4:10இல் பவுல் அந்தச் சொல்லாலேயே எழுதுகிறார். ஆண்டவரின் சகோதரருக்கு ஒருவரும் அதை வழங்கவில்லை. எனினும் லுத்தரே மரியாள் கடைசிவரை கன்னியாயிருந்தார் என்று நம்பியவர். இதில் இரட்சிப்பு அடங்கியிருக்கவில்லை. இதற்காக ஒருவரோடும் சண்டையிடாதிருங்கள்.

1950ஆம் ஆண்டு

நாம் சுதந்தர தினம் கொண்டாடும் ஆகஸ்ட் 15, அவர்களுக்கு மரியாளின் விண்ணேற்புத் திருநாள். 1950 நவம்பர் 1 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர், மரியாள் சரீரத்தோடும் ஆத்துமாவோடும் பரலோக மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று கோட்பாடாக அறிவித்தார். ஏனோக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை வேதம் சொல்லுகிறது. எலியா சுழல்காற்றில் ஏறிப்போனதைச் சொல்லுகிறது. மரியாளின் முடிவைக் குறித்து ஒரு வரியும் சொல்லவில்லை. முன்னே குறிப்பிட்ட எப்பிபானியுவே, அவருடைய முடிவை ஒருவரும் அறியார் என்று எழுதிவைத்தார்.

தேவனால் இது கூடாதா? கூடும். ஆனால் தேவனால் கூடியதெல்லாம் நடந்தது என்று ஆகாது. வேதம் மௌனமாயிருக்கும் இடத்தில் பக்தியுள்ளவர்கள் எண்ணிப் பார்க்கலாம். சபை அதைச் சட்டமாக்கி, மறுக்கிறவனை விசுவாசத்திலிருந்து விழுந்தவன் என்னலாகாது. நம் வழக்கின் நடுநரம்பு இதுவே. மரியாளுக்கு எவ்வளவு கனம் என்பதைவிட, வேதம் கட்டாத கட்டை மனச்சாட்சியின்மேல் கட்ட யாருக்கு அதிகாரம் என்பதே பெரிய கேள்வி.

துரையும் மேஸ்திரியும்

இனி அந்த மகளின் கேள்விக்கு நெருங்கி வருகிறேன்.

மரியாளிடம் ஏன் மன்றாடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கோட்பாட்டு நூலிலிருந்து பதில் வராது, வீட்டிலிருந்து வரும். "அப்பாகிட்ட கேக்க பயமா இருந்தா அம்மாகிட்டத்தானே சொல்லுவோம்?" இதைக் கேட்டு நகைக்காதிருங்கள். காப்பித் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இது நன்றாய்ப் புரியும். நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு தொழிலாளி நேரே துரையின் பங்களாவுக்குப் போய்விட முடியுமா? மேஸ்திரியிடம் சொல்லவேண்டும், மேஸ்திரி ரைட்டரிடம் சொல்லவேண்டும், ரைட்டர் நல்ல வேளை பார்த்துத் துரையின் காதில் போடவேண்டும். துரையம்மாள் இரக்கமுள்ளவள் என்று தெரிந்தால் அந்த வழி இன்னும் நல்லது. தலைமுறை தலைமுறையாய் இப்படியே வாழ்ந்த நெஞ்சு, பரலோகத்தையும் ஒரு பங்களாவாகவே பார்க்கிறது.

சுவிசேஷம் வந்து சொன்ன நற்செய்தியோ, இந்தப் பங்களாவின் கதவு திறந்திருக்கிறது என்பதே. தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவே மத்தியஸ்தர் ஒருவரே (1 தீமோத்தேயு 2:5). நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கிற பிரதான ஆசாரியர் நமக்கு இருப்பதால், கிருபாசனத்தண்டை தைரியமாய்ச் சேரும்படி அழைக்கப்பட்டிருக்கிறோம் (எபிரெயர் 4:15-16). நமக்காக வேண்டுதல்செய்யவே அவர் உயிரோடிருக்கிறார் (எபிரெயர் 7:25). தாயின் தேற்றரவு வேண்டுமா? தாய் தேற்றுவதுபோல் தாமே தேற்றுவதாக ஏசாயா 66:13இல் கர்த்தர் சொல்லுகிறார். தகப்பன் கடினமானவர், தாய்தான் இளகியவர் என்னும் எண்ணம் மரியாளை உயர்த்துவதைவிடப் பிதாவைத் தாழ்த்துகிறது. தம் குமாரனையே தந்தவரிடம் நமக்காகப் பரிந்துபேசி இரக்கத்தை வரவழைக்க இன்னொருவர் வேண்டுமோ?

"நீங்கள் போதகரிடம் ஜெபிக்கச் சொல்வதில்லையா? அதுபோலத்தான் மாதாவிடம் கேட்கிறோம்" என்று அவர்கள் சொல்வதுண்டு. இது அவர்களுடைய பலமான வாதம். ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி வேதம் கட்டளையிடுகிறது (யாக்கோபு 5:16). ஆனால் மரித்துக் கர்த்தரிடம் சென்ற ஒருவரை நோக்கி அப்போஸ்தலரோ ஆதிசபையாரோ வேண்டிக்கொண்டதாக ஒரு வசனமும் இல்லை. ஒரே நேரத்தில் வேளாங்கண்ணியிலும் லூர்துவிலும் உள்ளத்தில் முணுமுணுக்கிற இலட்சக்கணக்கான வேண்டுதல்களை அறிவதற்கு மனுஷருடைய இருதயங்களை அறியவேண்டும். அது தேவன் ஒருவருக்கே உரியது என்று சாலொமோன் அறிக்கையிட்டான் (1 இராஜாக்கள் 8:39). தேவன் அறிவித்தால் மரியாள் அறிவார் என்றால், வேண்டுதல் முதலில் தேவனிடமே போய்ச் சேர்ந்துவிட்டதே! பின் ஏன் இந்தச் சுற்றுவழி?

2025 நவம்பர் 4 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. மரியாளை "இணை மீட்பர்" என்று அழைப்பது தகாது என்று அது தெளிவாய்ச் சொன்னது. எல்லா அருளுக்கும் அவரை இடைநிலையாளராக்கும் பட்டத்தைக் குறித்தும் எச்சரித்தது. கிறிஸ்துவின் ஒரே மீட்பு மங்கிவிடலாகாது என்பதே காரணம். இதை மனதார வரவேற்போம். இன்னும் ஓர் அடி எடுத்துவையுங்கள் என்று சகோதர அன்போடு கேட்டுக்கொள்வோம்.

அவருடைய கடைசி வார்த்தை

கானாவூர்க் கலியாணத்தை மரியாளின் பரிந்துரைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். சரி, அங்கேயே போவோம். திராட்சரசம் தீர்ந்ததைக் குமாரனிடம் சொன்னவர், வேலைக்காரரிடம் திரும்பி, அவர் சொல்லுகிறபடியே செய்யச் சொன்னார் (யோவான் 2:5). வேதத்தில் மரியாள் பேசியதாக எழுதப்பட்ட கடைசி வார்த்தை அதுவே. தம்மிடம் வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. குமாரனிடம் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பின்பு அவரை மேலறையில் காண்கிறோம் (அப்போஸ்தலர் 1:14). சீஷரோடு சேர்ந்து அவரும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். அவரை நோக்கி அங்கே ஒருவரும் ஜெபிக்கவில்லை. நிருபங்களில் அவர் பெயரே இல்லை. தம்மை மறைத்துக் குமாரனைக் காட்டிய அந்த அம்மையாரின் மேன்மை இதுதான்.

ஆகையால் மகளே, உன் கேள்விக்கு என் பதில் இது. இரவு ஜெபத்துக்கு அவர்கள் அமரும்போது எழுந்துபோகாதே; மரியாதையோடு உடன் உட்கார். கர்த்தருடைய ஜெபத்தை வாய்திறந்து சொல். அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவதன் முற்பகுதி காபிரியேலும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்து; அதை வேதவசனமாக நன்றியோடு நினைத்துக்கொள். பிற்பகுதி மரியாளிடம் வேண்டுதல். அங்கே அமைதியாயிரு, உன் மனதில் இயேசுவிடம் பேசு. அந்த 53 மணி ஜெபமாலையில் மரியாளை நோக்கியவை 53, பிதாவை நோக்கியவை 6. தங்களுக்கு ஜெபிக்கக் கற்றுத்தரும்படி சீஷர் கேட்டபோது ஆண்டவர் எவரை நோக்கித் திருப்பினார் என்பதை லூக்கா 11இல் பார்த்துக்கொள்.

உன் அத்தை ஏன் என்று கேட்டால் மறைக்காதே. மாதாவை அவமதித்து அல்ல, மாதா சொன்னபடி செய்யவே இப்படி இருக்கிறேன் என்று தாழ்மையாய்ச் சொல். என்றாவது ஓர் இரவு லூக்கா முதலாம் அதிகாரத்திலுள்ள மரியாளின் பாட்டை அவர்களுக்கு வாசித்துக் காட்டு. அந்த வீட்டில் மரியாளை உன்னைவிட அதிகமாய் மதிக்கிறவர் ஒருவரும் இல்லை என்று உன் நடக்கையே சொல்லட்டும்.

வியாதிக்காக, பிள்ளைக்காக, ஒருவருக்கும் தெரியாமல் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட என் சபையாரே, உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். நாங்கள் உங்களோடு போதுமானபடி அழவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கண்ணீரை எங்களிடமும் கொண்டுவாருங்கள். சேர்ந்து குமாரனிடம் போவோம். வழி தூரமில்லை.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, உமது அடிமையாகிய மரியாளைக் கிருபையாய்த் தெரிந்துகொண்டதற்காக ஸ்தோத்திரம். அவருடைய விசுவாசத்தையும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். உம்மிடம் வரப் பயப்படுகிற நெஞ்சங்களின் பயத்தை நீக்கும். சத்தியத்தை அன்போடு பேச எங்களுக்குக் கற்றுத்தாரும். ஒரே மத்தியஸ்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.