கற்பனைப் படங்களும் நடிப்பும்: ஓர் இரசிகனின் கருத்து



"படம் எப்படி?" என்று யாரையேனும் வினவினால், "கிராபிக்ஸ் பிரமாதம்!" என்னும் விடையே இன்று முந்திக்கொண்டு வருகிறது. நடிப்பு எவ்வாறு, கதை நெஞ்சைத் தொட்டதா என்பனவெல்லாம் அதற்கப்பால்தான். செடெனாக்கில் செம்பனைகளுக்கிடையே வாழும் நாம், கூலாய்க்கோ ஜொகூர் பாருவுக்கோ குடும்பத்தோடு சென்று ஒரு படம் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி கரைந்துவிடுகிறது. அவ்வளவு கொடுத்துக் காணும் படத்தில் எதனைச் சிறப்பென்று கொள்வது? மாயக்காட்சி எத்துணைப் பெரிதாயினும், அதனை நாம் நம்பும்படிச் செய்வது நடிகரின் முகமும் உடலுமே என்பது என் கட்சி.

பழைய சான்றொன்றை முதலில் காண்போம். 1957ஆம் ஆண்டு கே. வி. ரெட்டியின் இயக்கத்தில், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் வெளிவந்தது 'மாயா பஜார்'. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், பாய் விரித்தமர்ந்து இத்தகைய மாயாஜாலப் படங்களைக் கண்டு களித்த பாட்டன் பாட்டிமார் இன்றும் நம்மிடையே உளர். கடோத்கசனாக எஸ். வி. ரங்காராவ் அமர்ந்திருக்க, லட்டுகள் தாமே பறந்து அவர் வாயினுட் புகும். லட்டைப் பறக்கவிட்டது கேமராவின் தந்திரம். நம்மைச் சிரிக்க வைப்பதோ ரங்காராவின் முகத்தில் பொங்கும் குழந்தை மகிழ்ச்சி. அதனினும் வியப்பு, கடோத்கசன் வத்சலாவின் உருவெடுத்து வரும் பகுதி. அங்கே தந்திரக் காட்சியே தேவைப்படவில்லை. அதே சாவித்திரி, அதே அழகிய முகம். ஆயினும் தோள் சற்றே நிமிர்கிறது, பார்வையில் ஒரு குறும்பு மின்னுகிறது. மென்மையான பெண்ணுருவுக்குள் ஓர் அரக்கன் இருப்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

அண்மைக்காலப் படங்களுக்கு வருவோம். 2010இல் வந்த ஷங்கரின் 'எந்திரன்' சிறந்த சிறப்புக் காட்சிகளுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. நூற்றுக்கணக்கான ரோபோக்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் இணைந்து வருவது பிரமிப்பே. ஆனால், தம்மிடையே ஒளிந்திருக்கும் விஞ்ஞானியைத் தேடும் சிட்டி, ஆட்டைப் போல் "மே" என்று கத்துகிறதே, அந்த ஒரு நொடிக்கு அவ்வளவு ரோபோக்களும் ஈடாகா! தேடுபவர், ஒளிபவர் இருவருமே ரஜினிகாந்த்தான். 2018இல் வந்த '2.0' படத்தில் கைப்பேசிகள் திரண்டு பெரும் பறவையாகின்றன. என் மனத்தில் தங்கியதோ, மடியும் பறவைகளைக் கண்டு உருகும் முதியவராக வரும் அக்ஷய் குமாரின் முகம். (கைப்பேசிக் கோபுர அலைகளால் பறவைகள் மடிகின்றன என்னும் அப்படத்தின் கூற்றை அறிவியல் உறுதி செய்யவில்லை என்பதை மாணவர்கள் மறவாதிருப்பார்களாக.)

"நடிகனே இல்லாத ஈயை எப்படி நம்பினோம்?" என்று சிலர் என்னை மடக்கக்கூடும். 2012இல் எஸ். எஸ். இராஜமௌலி அளித்த 'நான் ஈ'யைத்தான் சொல்கிறேன். அந்த ஈ கணினியில் பிறந்தது, உண்மைதான். ஆயின் படமெடுத்தபோது அங்கே ஈ ஏது? வில்லனாக வந்த சுதீப் வெறுங்காற்றைப் பார்த்து மிரண்டார். இல்லாத ஒன்றைக் கையால் விரட்டினார். தூக்கமிழந்து சிவந்த கண்களோடு தவித்தார். அவருடைய அச்சத்தை நாம் நம்பினோம். ஆகவே ஈயையும் நம்பினோம். அந்த ஈக்குப் பேச்சும் இல்லை. காதலியின் கண்ணீர்த் துளியில் கால் நனைத்து மேசைமேல் தன் பெயரை எழுதித்தான் தன்னை அறிவிக்கிறது. சொல்லின்றி உணர்த்திய அக்காட்சியை வகுத்தவர் கணினியை நன்கறிந்தவர். அதனினும் நன்றாக நடிப்பை அறிந்தவர்.

2024இல் வந்த 'அயலான்' படத்தின் வேற்றுலகவாசியைச் சிறுவர்கள் பெரிதும் விரும்பினர். எனக்கோ, சித்தார்த்தின் குரலில் ஓயாது பேசும் அவ்வுயிரைவிட, அதே இயக்குநர் இரவிக்குமார் 2015இல் தந்த 'இன்று நேற்று நாளை'யின் காலயந்திரமே பிடித்திருந்தது. அங்கே யந்திரம் சிறியது. அது கையில் கிடைத்தவர்களின் பேராசையும் திகைப்பும் பெரியவை. பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்!

பெற்றோர்க்கு ஒரு சொல். கற்பனைக்குத் திரையரங்கில் பணம் கொடுக்கும் நாம், வீட்டில் பிள்ளை கரண்டியை வாளாக்கித் தனியே பேசி நடித்தால், "போய்ப் படி!" என்று அதட்டுகிறோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் நம் நாட்டில் வெளிவந்த 'ஜகாட்' இந்த அதட்டலின் கதையே. அப்போய் என்னும் 12 வயதுச் சிறுவன், குறும்பும் கற்பனையும் நிறைந்தவன். தந்தையோ படிப்பொன்றே கரைசேர்க்கும் என்று கண்டிப்பவர். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிலே பறக்கும் பறவையுமில்லை, பேசும் யந்திரமுமில்லை. குண்டர் கும்பல் காட்சிகள் இருப்பதால் சிறுவர்க்கு ஏற்றதன்று. பிள்ளைகள் உறங்கிய பின்னர் தாயும் தந்தையுமாக அமர்ந்து அச்சிறுவனின் முகத்தைப் பாருங்கள்.